இரண்டு பேர் நிறுத்திய கிடங்கு

ஓடுவதை நிறுத்துவதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்பவர்கள் நிப்பாட்டியாரைச் சந்தித்ததில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. அலுவலகத்தில் டீ மெஷின் முன்னால் நின்று எவனோ ஒரு குறும்புக்காரன் வைத்த பெயர் நிப்பாட்டி. வயதுக்கு மரியாதையாகப் பின்னால் ஒரு 'யார்' ஒட்டிக்கொண்டது. பதவிக்கு முன்னால் அப்படி எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை.

அவர் செய்த வேலை இதுதான். எங்கோ தூரத்தில், ஒரு தொழிற்சாலையிலோ கிடங்கிலோ, ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஏதோ கோளாறு. இங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதை நடுவழியில் உறையவைத்து, வயிற்றுக்குள் எட்டிப் பார்த்து, மறுபடி ஓடவிட ஒரு கருவி வேண்டும். டிபக்கர் என்பார்கள். கம்பெனி அதை விற்றது. அதன் பளபளக்கும் திரை, வண்ண வண்ணப் பட்டன்கள் எல்லாம் மற்றவர்கள் செய்தவை. பட்டனுக்கும் தூரத்துப் புரோகிராமுக்கும் நடுவில் உட்கார்ந்து, "நில்", "போ", "ஒரே ஒரு அடி மட்டும் வை" என்று அதட்டும் பகுதி நிப்பாட்டியார் செய்தது. உள் இடைமுகம் என்று அதற்குப் பெயர். கம்பெனியின் கையேடு அதற்கு ஒரே வரி ஒதுக்கியிருந்தது: 'உள் உபயோகத்துக்கு மட்டும், முன்னறிவிப்பின்றி நீக்கப்படலாம்.' ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக எழுதுவது கடினம்.

நிறுத்துவது சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு புரோகிராமுக்குள் பல வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும். ஒவ்வொன்றும் ஓர் இழை. ஒரு வீட்டில் ஒருத்தர் துவைக்க, ஒருத்தர் சமைக்க, ஒருத்தர் சும்மா கத்திக்கொண்டிருப்பதுபோல. நிறுத்தினால் எல்லோரையும் ஒரே மூச்சில் நிறுத்த வேண்டும். அதோடு, ஒரே புரோகிராமை இரண்டு பேர் இரண்டு ஊரிலிருந்து பிடித்து நிறுத்தலாம். அப்போது இரண்டு பேரும் விட்டால்தான் அது ஓட வேண்டும். ஒருவர் விட்டதுமே அது ஓட்டம் பிடித்தால், மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கும் வயிறு கையைவிட்டு நழுவிப்போகும். அதனால் எத்தனை கைகள் பிடித்திருக்கின்றன என்று நிப்பாட்டியார் ஒரு எண்ணிக்கை வைத்திருந்தார். அது பூஜ்யமானால்தான் ஓட்டம். அவருடைய வேதம் முழுவதும் ஒரே வாக்கியம்: "நிறுத்தினவன்தான் விடணும். அடுத்தவன் பிடிய நாம அவுக்கக் கூடாது."

தூரத்துத் தொழிற்சாலைகளையே ஒரு சொல்லில் உறையவைத்த அந்தச் சர்வாதிகாரிக்குத் தன் வீட்டில் ஓடும் டிவியை நிறுத்துகிற அதிகாரம் கிடையாது. மனைவி ஒரு பேச்சைத் தொடங்கினால் அதற்கு 'நில்' என்ற கட்டளையே எழுதப்பட்டிருக்கவில்லை. அப்படியொரு பேச்சில்தான் மச்சினன் வந்து சேர்ந்தான்.

"ஏங்க, நம்ம தம்பிங்க. எத்தன நாள் வீட்லயே உக்காந்திருப்பான்? உங்க ஆபீஸ்ல ஒரு மூலையில போட்டு வையுங்களேன்."

போட்டு வைத்தார். மூலையில் போடப்பட்டவன் சில வருஷங்களில் கண்ணாடி அறைக்குப் போய்விட்டான். நிப்பாட்டியார் மூலையிலேயே இருந்தார். போடுவதற்கு அவரை யாரும் எடுக்கவில்லை. மச்சினனுக்குப் புரோகிராம் எழுத வராது. ஆனால் எழுதியவர்கள் எல்லோரையும் விட நன்றாகப் பெட்டிப் படம் போட்டு, அம்புக்குறி இழுத்து, வாடிக்கையாளர் முன்னால் பேச வரும். பதவி ஏறிய முதல் நாளே அவன் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. வீட்ல நீங்க அத்தான். இங்க உறவு வேணாம். நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"சரி மாப்ளே."

"பாத்தீங்களா?"

"சரி... சார்."

அன்றிலிருந்து அலுவலகத்தில் அவன் சார், வீட்டில் மாப்ளே. நடுவில் பார்க்கிங்கில் சந்தித்தால் என்ன கூப்பிடுவது என்று தெரியாமல் நிப்பாட்டியார் இருமுவார்.

எண்ணிக்கை மட்டும் போதாது, ஒவ்வொரு பிடிக்கும் பக்கத்தில் பிடித்தவர் பெயரும் வேண்டும் என்று அவர் ஒருமுறை கேட்டார். "யாராவது லேப்டாப்ப மூடிட்டுப் போயிட்டா அவர் பிடி அப்படியே நின்னுடும் சார். பேர் இருந்தா, லைன் அறுந்ததும் அவர் பிடிய மட்டும் தானா விட்டுடலாம்."

மச்சினன் படத்தைப் பார்த்தான். பெட்டிகளை எண்ணினான். "ஏற்கனவே பெட்டி ஜாஸ்தி. இது உள்ள கிடக்கிற சமாசாரம், எவன் பாக்கப் போறான்? எண்ணிக்க போதும்." சிவப்புக் கோடு ஒன்று விழுந்தது. பெயர் போயிற்று.

வாடிக்கையாளர்களில் ஒரு குளிர்க் கிடங்கு இருந்தது. லாரியிலிருந்து இறங்கும் சரக்கு ஒரு நீளமான பெல்ட்டில் ஏறும். குளிரறையின் கதவு திறக்கும். சரக்கு உள்ளே போகும். கதவு சில சமயம் தாமதமாகத் திறக்கிறது என்று புகார். மதியம் வேலை மந்தமாக இருக்கும் நேரத்தில் ஒரு சின்ன நிறுத்தத்துக்கு அனுமதி கிடைத்தது. நிப்பாட்டியார் அலுவலகத்திலிருந்து நிறுத்துவதாக ஏற்பாடு. "நானும் வெளியிலேருந்து சேந்துக்கறேன். மேல கேட்டா நான் கூடவே இருந்தேன்னு சொல்லணுமில்ல" என்றான் மச்சினன்.

அவர் நிறுத்தினார். எண்ணிக்கை ஒன்று. சற்று நேரத்தில் இரண்டு. மேற்பார்வை தொடங்கிவிட்டது என்று புரிந்தது. கதவின் இழை வேறோர் இழைக்காக வாயைப் பிளந்து காத்திருந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். உள்ளுக்குள் ஒரு சிறு பெருமை. பிடியை விட்டார். எண்ணிக்கை ஒன்று. பெல்ட் அசையவில்லை.

காத்திருந்தார். ஒன்று ஒன்றாகவே இருந்தது. மச்சினனுக்குப் போன் போட்டார், அணைக்கப்பட்டிருந்தது. கிடங்கு மேலாளரிடமிருந்து போன் வந்தது.

"என்ன சார், முடிஞ்சுதா? வெளியில லாரிக்காரங்க ஹாரன் அடிச்சே என்னைக் கொன்னுடுவாங்க."

"ஒரு நிமிஷம். பெல்ட் மேல யாராவது ஏறியிருக்காங்களா?"

"பெல்ட் மேல ஐஸ்கிரீம்தான் ஏறியிருக்கு. அதுவும் இப்ப ஐஸ்கிரீமா இல்ல."

இந்த இடத்தில் பக்கத்து நாற்காலிப் பெண் நியாயமாகவே கேட்டாள்: "நீங்க எழுதினதுதானே சார்? அந்த ஒண்ண பூஜ்யமாக்கிட்டா ஓடிடுமே?"

முடியும். அவர் நினைத்தால் பின்வாசல் வழியாகப் போய் அழித்துவிடலாம். ஆனால் அந்த ஒன்று யாருடைய கை? மச்சினனாக இருந்தால் சரி. கிடங்கிலேயே பழுது பார்க்கும் ஆள் ஒருவன் அதே கருவியால் நிறுத்திவிட்டுப் பெல்ட்டுக்கு அடியில் படுத்திருந்தால்? மேலாளர் பெல்ட்டின் மேலேதான் பார்த்தார். அடியில் பார்க்கச் சொன்னால், "அங்கெல்லாம் குனிய என் இடுப்பு இடம் குடுக்காது சார், ஆள் அனுப்பறேன்" என்றார். அனுப்பப்பட்ட ஆள் ஐஸ்கிரீமில் வழுக்கி விழுந்ததாகத் தகவல் வந்தது. எண்ணுக்குப் பெயரில்லை. நிப்பாட்டியார் கை வைக்கவில்லை.

மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. கடைசியில் மச்சினன் வீட்டுக்கே போட்டார். "அவரா? உங்க வீட்டுக்குத்தானே சாப்பிடப் போனார்!" என்றாள் அவன் மனைவி.

வீடு அலுவலகத்துக்கு நான்கு தெரு தள்ளி. பஸ்ஸுக்கு நிற்கவில்லை, ஓடினார். மருந்துக் கடைக்காரர், "யாருக்கு என்னாச்சு?" என்று கத்தினார். "ஐஸ்கிரீம்!" என்று கத்திவிட்டு ஓடினார். அந்தக் கடைக்காரர் இன்றுவரை அவரைப் பார்க்கும் பார்வையில் ஒரு கவலை உண்டு. மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டப் போகும்முன் கதவு தானே திறந்தது. மனைவி உதட்டில் விரல் வைத்திருந்தாள்.

"மெதுவா! இப்பதான் கண்ணசந்தான்."

"போன ஏன் எடுக்கல?"

"நீங்க போன் மேல போன் போட்டா புள்ள எப்படித் தூங்குவான்? அவன் போன அணைச்சு, என் போனச் சத்தமில்லாம வச்சது நான்தான். பாவம், மூஞ்சியப் பாருங்க, என்னமா உழைக்கிறான்."

வழுக்கை விழுந்த அந்தப் புள்ள, நிப்பாட்டியார் வழக்கமாக உட்காரும் சோபாவில் நீட்டிப் படுத்திருந்தான். லேப்டாப் மூடியபடி தலையணைக்கு அடியில் தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை உருவினார். தலை சரிந்தது. விழித்தவன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றான்.

லேப்டாப்பைத் திறந்து அவன் ஒரு பட்டனைத் தட்டினான். எண்ணிக்கை பூஜ்யம். தூரத்தில் பெல்ட் உயிர் பெற்று, கதவு அன்று முதல்முறையாகச் சரியான நேரத்தில் திறந்து, உருகிய அத்தனை பாலையும் குளிரறைக்குள் கடமையாகக் கொண்டுபோய்க் கொட்டியது. அது தரையில் உறைந்தது. உள்ளே போன தொழிலாளிகள் வருஷக்கணக்கில் ஆடாத ஆட்டமெல்லாம் ஆடினார்கள் என்று மேலாளர் எழுதிய புகாரின் தொனியிலிருந்து ஊகிக்க முடிந்தது.

மறுநாள் விசாரணை. யாராவது ஒருவருக்கு வேலை போகும் என்பது முதல்நாளே தெரிந்துவிட்டது. காலையில் நிப்பாட்டியார் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"அவன் இப்பதாங்க மேல வந்துட்டிருக்கான். இப்பப் போய் கீழ தள்ளிடாதீங்க."

"அப்ப நான்?"

"நீங்க எப்பவும் இருக்கிற இடத்துலதானே இருக்கீங்க. அதுக்குக் கீழ என்ன இருக்கு?"

அவள் அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். பொத்தானைக்கூடப் போட்டுவிட்டாள், ஒரு துளை தள்ளி.

விசாரணை அறையில் நிர்வாக இயக்குநர் அம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "ரெண்டு பேர் நிறுத்தியிருக்கீங்க. ஒருத்தர் விட்டிருக்கீங்க. விடாதது யாரு?"

எண்ணிடம் கேட்டுப் பயனில்லை; அது வெறும் எண். அதன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய பெயர் சிவப்புக் கோட்டில் செத்திருந்தது. மச்சினன் தொண்டையைச் செருமினான்.

"இதைக் கட்டினவரே இவர்தான் மேடம். அத்தானே சொல்லட்டும்."

அத்தான். அந்தக் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது என்று அவனே தடைபோட்ட சொல் அது. வாசல் காவலாளியிடம் அடையாள அட்டை காட்டாமல் உள்ளே வந்து, மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நிப்பாட்டியாரும் பார்த்தார். சோபா தெரிந்தது, உதட்டில் வைத்த விரல் தெரிந்தது, இனி வரும் ஒவ்வொரு இரவுச் சாப்பாடும், அதில் மனைவி வாய் திறக்காமல் வைக்கும் ஒவ்வொரு தட்டும் தெரிந்தது.

"நான்தான் மேடம்" என்றார். "நானே ரெண்டு தடவ நிறுத்திட்டேன். ஒரு தடவதான் விட்டேன்."

இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷமா இதை மட்டுமே எழுதறவர் நீங்க. ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா?"

வேலை போனதைவிட இந்தக் கேள்விதான் ஆழமாக இறங்கியது. புதிதாகச் சேர்ந்தவன்கூடச் செய்யத் தயங்கும் தவறை, தன் வாயால், தன் பெயரில் போட்டுக்கொண்டாயிற்று. அடுத்தவன் பிடியை அவிழ்க்கக் கூடாது என்று ஆயுள் முழுக்க ஓதிய ஆள், கடைசியில் அவிழ்த்தது அடுத்தவன் பிடியைத்தான்.

"தெரியாது மேடம்" என்றார்.

அன்று மாலை பார்க்கிங்கில் மச்சினன் தோளில் கை போட்டான். "உங்களுக்காக நான் எவ்ளோ பேசியிருக்கேன் தெரியுமா அத்தான்? உடனே போகச் சொன்னாங்க. மாசக் கடைசி வரைக்கும் டைம் வாங்கிக் குடுத்திருக்கேன்." இருமுவதற்கு இனிக் காரணமில்லாததால் நிப்பாட்டியார் சும்மா தலையாட்டினார். வீட்டில் மனைவி, "நீங்க ரொம்பப் பெருந்தன்மையா நடந்துக்கிட்டீங்கன்னு தம்பி சொன்னான்" என்று சொல்லி டிவி சத்தத்தை ஒரு புள்ளி குறைத்து வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் கிடைத்த ஆகப் பெரிய மரியாதை அது.

மாசக் கடைசி வரை சும்மா உட்காரவைக்கக் கூடாதல்லவா? மச்சினன் ஒரு புதுப் படத்தோடு வந்தான். இப்படியொரு விபத்து இனி நடக்காமலிருக்க அவனே யோசித்த தீர்வாம். இயக்குநர் அம்மா எல்லோர் முன்னாலும் பாராட்டினாராம். ஒவ்வொரு பிடிக்கும் பக்கத்தில் பிடித்தவர் பெயர். லைன் அறுந்தால் அவர் பிடி மட்டும் தானாக விடுபட்டு, பெயரும் மறைந்துவிடும். படத்தில் ஒரு பெட்டி கூடியிருந்தது. அழகாக இருந்தது.

"உங்களால முடியுமா அத்தான்?" என்று கேட்டான்.

முடித்துக் கொடுத்தார். கடைசி நாள், மேஜையைத் துடைத்த பிறகு, ஒருமுறை சோதித்துப் பார்த்தார். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சோதனைப் புரோகிராமை நிறுத்தினார். எண்ணிக்கை ஒன்று. பக்கத்தில், அவர் எழுதிய அத்தனை வரிகளிலும் முதல்முறையாக, பெற்றவர்கள் வைத்த பெயர் முழுசாக எழுந்து நின்றது. எழுத்துப் பிழைகூட இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, விதிமுறைப்படி, விடாமலே லைனைத் துண்டித்தார். அதே புரோகிராமைக் காட்டிக்கொண்டிருந்த பக்கத்து நாற்காலிப் பெண்ணின் திரையில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார். பெயர் மறைந்தது. எண்ணிக்கை பூஜ்யமானது. புரோகிராம், நடுவில் யாருமே வந்து போகாததுபோல, விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

"சரியா வேலை செய்யுது சார்" என்றாள் அவள்.

"செய்யும்" என்றார் நிப்பாட்டியார்.