சரிவைத் துன்னுவது எப்படி

நகரிப் பக்கம் மலையடிவாரத்தில் நிலம் இருந்தால் ஒன்று மாமரம் வைப்பார்கள், இல்லாவிட்டால் கிராவல் லாரிக்கு விட்டுவிடுவார்கள். இரண்டும் வேண்டாம், நெல் விதைக்கிறேன் என்று ஒருவர் கிளம்பினால் உறவுக்காரர்கள் அவரிடம் மெதுவாகப் பேச ஆரம்பிப்பார்கள், காய்ச்சல்காரரிடம் பேசுவது போல. எங்கள் நைனாவிடம் அப்படித்தான் பேசினார்கள். நான் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். கம்பெனி பஸ், கழுத்தில் அட்டை, ஏசி. ஆகவே விவசாயத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் முழுத் தகுதியும் வீட்டில் எனக்குத்தான் இருந்தது.

அந்தச் சரிவு நிலம் அம்மாவுக்கும் என் தாய்மாமனுக்கும் கூட்டுப் பட்டா. முன்பு அதில் வேர்க்கடலை போட்டோம். காட்டுப்பன்றிகள் எங்களைவிட நேர்த்தியாக அறுவடை செய்தன. அதன்பிறகு மாமன் ஒரு கிராவல் வியாபாரிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

"இன்னிக்கு மண்ணுதான் மச்சான் பயிரு. தண்ணி வேணாம், ஒரம் வேணாம். தோண்டிக்கினே இருக்கலாம்."

"தோண்டி முடிஞ்சப்புறம்?" என்றார் நைனா.

"அப்புறம் பள்ளத்துல மழத்தண்ணி நிக்கும். மீன் வுடலாம்."

மாமனுக்கு எதற்கும் ஒரு திட்டம் இருக்கும்.

நைனா கேட்கவில்லை. மலைநெல் விதை எங்கிருந்தோ வாங்கிவந்து, டிராக்டரை மேலிருந்து கீழாக ஓட்டி, புழுதியில் கைவீச்சாக விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தார். மழை வந்தது. மண்ணையும் விதையையும் கூட்டிக்கொண்டு கீழே இருந்த மாந்தோப்புக்குப் போனது. தோப்புக்காரர் தன் மரங்களுக்கு நடுவே முளைத்த நெல்லை அறுத்து ஆட்டுக்குப் போட்டார். எங்களுக்கு நன்றி சொல்லவும் மறக்கவில்லை, பெரிய மனிதர்.

மாமன் மறுநாளே லாரியைக் கூப்பிடப் பார்த்தார். அம்மா குறுக்கே விழுந்து இன்னொரு விதைப்புப் பட்டத்துக்குத் தவணை வாங்கினாள். உறவுக்காரர்கள் முன்னால் மாமன் தீர்ப்புச் சொன்னார்: "இந்தத் தபா வூட்டுக்குத் துன்ற அளவுக்கு நெல்லு வந்தா பாக்கலாம். நான் வாய்தொறந்து சரின்னு சொன்னாத்தான் அடுத்த வருசம். இல்லன்னா லாரி."

இந்தச் சமயத்தில்தான் வேளாண்மை அதிகாரி எங்கள் ஊருக்கு மீட்டிங் போட வந்தார். கோதாவரிக் கரைக்காரர். சைக்கிளுக்கு பிரேக்கே தேவைப்படாத சமவெளியில் பிறந்தவர் எங்களுக்கு மலைச்சரிவைப் பற்றிச் சொல்லித்தரப் போகிறார் என்று நான் முன்கூட்டியே சிரித்துவைத்துக்கொண்டேன். அவர் திரையில் ஒரு பச்சை மலையைக் காட்டி, தெலுங்கில் உரக்கச் சொன்னார்:

"வாலுக்கு அட்டங்கா துன்னாலி!"

சரிவுக்குக் குறுக்காக உழ வேண்டும் என்று அர்த்தம். தெலுங்கில் வாலு என்றால் சரிவு, துன்னு என்றால் உழு. எங்கள் தமிழில் துன்னு என்றால் சாப்பிடு. முதல் எழுத்தை அழுத்தினால் உழவு, லேசாக விட்டால் சோறு. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு மொழியையும் பிறந்ததிலிருந்து கலந்து பேசுகிற எங்களுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "வாலுக்குக் குறுக்கால துன்னணுமாம். எந்த மாட்டு வாலுக்குன்னு கேளு" என்றாள். பின்வரிசை முழுக்கச் சிரித்தது. ஊரார் ஆர்வமாக இருக்கிறார்கள் என்று நினைத்து, அதிகாரி அதையே இன்னொரு தரம் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உழவுக்குத் துன்னு என்பதுதான் பேர். "நைனா எங்க?" "மலையத் துன்னப் போயிருக்காரு."

குறுக்காக ஓட்டினால் டிராக்டர் உருண்டுவிடும் என்று டிரைவர் மறுத்துவிட்டார். ஏர்மாடு தேடினால், கிடைத்தது பசுவுல பண்டகை என்கிற எங்கள் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பலகை கட்டி ஓடவிடுகிற ஜோடி. ஓடத் தெரியும், நடக்கத் தெரியாது. அவற்றோடு நைனாவும் சரிவில் ஓடினார். பிறகு குறுக்கே கல்வரப்பு வைத்தார். தொழுவுரம் கொட்டினார். கைவீச்சை விட்டு வரிசை பிடித்து விதைத்தார். வரிசை இருந்ததால் களைக்கொத்து உள்ளே போனது. அம்மா இரண்டு முறை களை எடுத்தாள். நான் விடுமுறைகளில் போய், வரப்பின்மேல் நின்று நன்றாக இருக்கிறது என்று ஒப்புதல் அளித்தேன்.

மழை வழக்கம்போல மொத்தமாகக் கொட்டியது. தண்ணீர் கல்வரப்பில் முட்டி, நின்று, யோசித்து, மண்ணுக்குள் இறங்கியது. கோதாவரிக்காரர் சொன்னது சரிதான். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

நெல் வந்தது. அமோகமெல்லாம் இல்லை, வீட்டுக்குக் காணும். அம்மா புது அரிசிச் சோறு பொங்கி உறவுக்காரர்களை அழைத்தாள். மாமனும் வந்தார். வந்ததிலிருந்து வானிலை, ரோடு, மாங்காய் விலை எல்லாம் பேசினார். நிலத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவர் போன் சட்டைப்பையில் அடித்துக்கொண்டே இருந்தது. கிராவல் வியாபாரியாகத்தான் இருக்கும். நைனா சாப்பிட உட்காராமல் குழம்பு வாளியோடு பந்தியில் நின்றார். யாருக்குக் குழம்பு ஊற்றினாலும் கண் மாமன் இலையிலேயே இருந்தது. கேலி செய்ய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மாமன் இரண்டாம் முறை சோறு வாங்கி, குழம்பு ஊற்றிப் பிசைந்து, வாய் நிறைய அடைத்துக்கொண்டார். நைனா அந்த நேரத்துக்குத்தான் காத்திருந்தார் போல. எதிரே குனிந்து கேட்டார்:

"மச்சான், இதே மாதிரி வருசா வருசம் துன்னலாமா?"

முதல் எழுத்தை அவர் அழுத்தினார், உழவுக்கு அழுத்துவது போல. நான் கவனித்தேன். அம்மாவும் கவனித்தாள்.

"துன்னு மச்சான், நல்லாத் துன்னு! யாரு வேணான்னது?" என்றார் மாமன், மென்றுகொண்டே.

பந்தி மொத்தமும் கொல்லென்று சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மாமனுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் மெல்லுவதை நிறுத்தினார். நைனாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். வாயில் இருந்ததோ அந்த நிலத்துச் சோறு, துப்பவா முடியும். சட்டைப்பையில் போன் மறுபடி அடித்தது. இடது கையால் எடுத்து, அணைத்து, கீழே வைத்தார்.

"அக்கா, இன்னொரு கரண்டி போடு" என்றார்.

நைனா வாளியை என் கையில் கொடுத்துவிட்டு, இலை போட்டு உட்கார்ந்தார்.