ரேடியேட்டரில் பிடித்த ஆவி

இன்று எனக்குச் சளி. சேலையூர் மருந்துக்கடையில் ஆவி பிடிக்கும் மெஷின் ஒன்றைக் காட்டினார்கள். அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

காரணம் இருக்கிறது.

எழுபதுகளில் ஒரு மார்கழிக் காலை. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். அன்றும் எனக்குச் சளி. நொச்சி இலை போட்டு ஒரு குண்டான் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டு, துண்டு எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் குண்டானைக் காணோம்.

வாசலில் இவருடைய பழைய டீசல் டிராக்டர். குளிரில் அது லேசில் கிளம்பாது. ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றி இன்ஜினைச் சூடாக்க வேண்டும். என் நொச்சித் தண்ணீரை வடிகட்டி அதில் ஊற்றியிருந்தார்!

"அது ஆவி பிடிக்க வச்ச தண்ணிங்க!" தொண்டை கட்டியிருந்ததால் பாதிதான் வெளியே வந்தது. மீதி அழுகையாக வந்தது.

இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலைக் கீழே போட்டார்.

"ஐயோ, குளிக்க வச்சதுன்னு நெனச்சேம்மா. மூடி தொறந்துதான் கீது. இங்கயே வந்து புடி."

ரேடியேட்டர் வாயில் முகத்தைக் காட்டி நின்றேன். இவர் என் தலையில் துண்டைப் போர்த்தினார். தாம்பரத்துக்கு ரயில் பிடிக்கப் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள்.

"தண்ணி ஆறினா வண்டி கிளம்பாதே?" என்றேன் துண்டுக்குள்ளிருந்து.

"ஆறட்டும். உனக்கு மூக்கு தொறந்துச்சா?"

அன்று வெயில் ஏறிய பிறகுதான் டிராக்டர் கிளம்பியது.

இன்று மெஷின் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து இவரே நொச்சி போட்டு, குண்டானை இறக்கி, என் தலையில் துண்டைப் போர்த்திவிட்டுக் கேட்கிறார்:

"ஸ்டார்ட் ஆவுதா?"

இவரை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.