சுறா எண்ணெய் பூசிய வாங்கு

எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்த எந்தக் கதிரையும் ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. என் இரண்டு தம்பிமாரும் அதைக் கவிழ்த்து வள்ளமாக்கிக் கடலோடுவார்கள். கடைசியில் கால்களைக் கழற்றிக் கிரிக்கெட் அடிப்பார்கள். வந்தவர்கள் இருக்கப் பாய்தான் விரிப்போம்.

நான் புலமைப்பரிசில் சோதனையில் சித்தியடைந்த வருடம் அது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கு மேல் இருந்தது. பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு என்னை விடும்படி கேட்க, ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்கு வருவதாக வகுப்பு ரீச்சர் சொல்லியிருந்தார். நான் போனால் தம்பிமாரை யார் பார்ப்பது என்று அம்மாவுக்குக் கவலை. அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"ரீச்சர் எதிலை இருக்கிறது? முதல்லை அதைப் பாப்பம்" என்றார்.

சனிக்கிழமை அப்பா எங்கள் மூன்று பேரையும் தளபாடக் கடைக்குக் கூட்டிப்போனார். நான் நேரே போய்ச் சிவப்புத் துணி போட்ட மெத்தைச் செற்றிக்கு முன்னால் நின்றேன். ரீச்சர் அதில் இருந்துவிட்டால் பெரிய பள்ளிக்கூடம் நிச்சயம் என்று எனக்குப் பட்டது. அப்பா அதை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த, மூன்று பேர் சேர்ந்து இருக்கக்கூடிய நீட்டு வேப்பமர வாங்கிடம் போனார். வள்ளம் வாங்குகிறவர்போல அதைக் கவிழ்த்தார். பொருத்துகளுக்குள் நகத்தை விட்டார். பலகையைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு தம்பிமாரிடம், "ஏறிக் குதியுங்கோடா" என்றார்.

கடைக்காரர் ஓடி வந்தார். "ஐயோ அண்ணை, உது இருக்கிற சாமான்!"

"என்ரை பிள்ளையள் இருக்கிற பிள்ளையள் எண்டால் நான் ஏன் இஞ்சை வாறன், தம்பி?"

வாங்கு அசையவில்லை. நான் வீடு வரும்வரை அழுதேன்.

அழுகைக்கு உண்மையான காரணம் பின்னேரம்தான் வந்தது. அப்பா வாங்கை முற்றத்தில் போட்டு, உப்பும் வெயிலும் மரத்தைத் தின்னாமல் வள்ளத்துக்குப் பூசும் சுறா எண்ணெயைத் தகரப் பேணியோடு கொண்டுவந்து, அடி முதல் நுனி வரை தேய்த்தார்.

"இனிப் பத்து வருசத்துக்கு ஒண்டும் செய்யேலாது" என்றார் திருப்தியாக. தெருவே மூக்கைப் பொத்தியது.

ஞாயிறு காலை ரீச்சர் வெள்ளைச் சேலையில் வந்தார். வாசலில் ஒரு கணம் நின்றார். அம்மா அவசரமாக வாங்கில் துவாய் ஒன்றை விரித்தார். ரீச்சர் அதில் இருந்தார். துவாயின் கரையில் மஞ்சளாக எண்ணெய் ஊறி வருவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"பிள்ளையை விடுவியளோ?" என்று அவர் கேட்டார்.

அப்பா நின்றபடியே சொன்னார். "வாங்கு பலமாத்தான் எடுத்திருக்கு, ரீச்சர். உவள் படிச்சு முடிக்குமட்டும் நீங்கள் வந்து வந்து இருக்கலாம்."

ரீச்சர் சிரித்துவிட்டார். போகும்போது குடையை விரித்து, தலைக்குப் பிடிக்காமல் பின்பக்கம் பிடித்துக்கொண்டு போனார். எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம்போல் இருந்தது.

பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்த வாங்கில் இருந்துதான் படித்தேன். என் பாவாடையில் வீசும் வாடைக்காக அப்பாவோடு ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அது சண்டையால் கடலில் இறங்கத் தடை போட்டிருந்த காலம். வலை நனையாத நாட்களில் சுறா ஏது, எண்ணெய் ஏது? அந்தப் பேணியில் இருந்தது வள்ளத்துக்கென்று அப்பா பொத்திப் பொத்தி வைத்திருந்த கடைசி எண்ணெய். கரையில் கிடந்த வள்ளம் வெயிலில் வெடிக்கத் தொடங்கியதை நானும் பார்த்தேன். தம்பிமார் அதில் ஏறிக் குதித்தபோது அப்பா ஏசாமல் இருந்ததையும் பார்த்தேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் என் பாவாடை மணக்கிறது என்பது மட்டும்தான்.