கைமாத்து கடனில் சேராது

எங்கள் தெருவில் யாருக்கும் கடன் இல்லை என்று எழுதிக்கொடுக்க, கணக்கெடுப்புக்கு வந்த கேள்விக்காரி வீட்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்கினாள் என்று பேச்சு. நான் முதலில் கேட்டது தையற்கடையில். மளிகைக்கடைக்கு வருவதற்குள் தொகை இரட்டிப்பாகிவிட்டது. இஸ்திரிக்கடையில் அவளுக்கு ஒரு ஃபிளாட்டே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். ஃபிளாட் வாங்கியவள் ஏன் தையற்கடை மாடியில், ஒழுகும் கூரைக்கு அடியில் வாளி வைத்துக்கொண்டு, அக்காவோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறாள்? நேரிலேயே கேட்டுவிடலாம் என்று மாடியேறினேன்.

அக்காதான் கதவைத் திறந்தாள். "நீங்களும் திட்டத்தான் வந்தீங்களா? செருப்பைக் கழட்டிட்டு வந்து திட்டுங்க. இப்பத்தான் தரையைத் துடைச்சேன்."

கேள்விக்காரிக்கு நாற்பது வயது இருக்கும். துணிக்கடையில் பில் போட்டாள், கடை மூடியது. இன்சூரன்ஸ் விற்றாள், சொந்தக்காரர்கள் தீர்ந்துபோனார்கள். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்து மூடியது. இப்போது ஒரு பொருளாதார ஆய்வு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய் வரவு செலவு கேட்கிறாள். கேள்விகள் டேப்லெட்டில் வரும். பதிலைத் தொட வேண்டும். மனைவி பக்கத்தில் இருந்தால் ஒரு வருமானம், காபி போட உள்ளே போனால் வேறு வருமானம் சொல்லும் கணவன்மார்களை அவளுக்குத் தெரியும். மனைவிமார்களையும் தெரியும்.

வீட்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்குவது உண்மைதான். அது கூலி, கடன் இருந்தாலும் அதே கூலி, இல்லாவிட்டாலும் அதே கூலி. ஆனால் 'உண்டு' என்று தொட்டால் டேப்லெட் மேற்கொண்டு இருபது கேள்வி கேட்குமாம். 'இல்லை' என்றால் நேராக மின்கட்டணத்துக்குத் தாவிவிடுமாம்.

"அப்ப 'இல்லை'ன்னா உங்களுக்கு வேலை மிச்சம்தானே?" என்றேன்.

"மிச்சம்தான் சார். ஆனா 'இல்லை'ன்னு சொன்னது நானா?"

சொன்னவர்களில் முதல் ஆள் கீழே இருக்கும் தையற்காரர். கடையும் மாடியும் அவருக்குச் சொந்தம். கடன் இருக்கா என்றதும், "கடனா? எங்க பரம்பரையிலயே கிடையாது" என்று மார்தட்டியிருக்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை. கடன் என்றால் வங்கி, வட்டி, வாசலில் நின்று கத்தும் ஆள். சிநேகிதனிடமும் நூல் கடையிலும் அவர் வாங்கியது கைமாத்து. கைமாத்துக்கு வட்டி கிடையாது, தேதி கிடையாது, மானக்கேடும் கிடையாது. தெருவே கைமாத்தில்தான் ஓடுகிறது. டேப்லெட்டில்தான் அந்தச் சொல் இல்லை.

'கடன் சுமையற்ற தெரு' என்று ஆய்வறிக்கை நம்மைப் பாராட்டியது. பாராட்டைப் படித்த அரசாங்கம், சிறு கடைகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் தரும் பட்டியலிலிருந்து நம் தெருவைத் தூக்கிவிட்டது. பரம்பரையிலேயே கடன் இல்லாதவருக்கு, கடன் கிடைக்காது என்றதும் ரத்தம் கொதித்தது.

"தெரு பேரு பட்டியல்ல வரணும். வரலேன்னா மாசக் கடைசியில மூட்டையைக் கட்டு" என்று மாடிப்படியில் நின்று கத்தினார்.

கேள்விக்காரி நிறுவனத்து டாக்டரிடம் ஓடினாள். நாடி பிடிக்கிற டாக்டர் இல்லை. பொருளாதாரம் படித்து, நாட்டையே பிடித்துப் பார்க்கிற டாக்டர்.

"மக்கள் பொய் சொல்றாங்கன்னா, அதுவும் ஒரு தகவல்தாம்மா."

"பொய் இல்ல சார். நம்ம சொல்லு வேற, அவங்க சொல்லு வேற."

நாலு நடை நடந்தபின், ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்து மறுபடி கேட்க அனுமதித்தார்: திருப்பித் தர வேண்டிய கைமாத்து உண்டா? தையற்காரர் உண்டு என்றால் தெருவே உண்டு என்னும். தெரு பட்டியலில் ஏறும், மாடி தங்கும்.

வேடிக்கை பார்க்க நானும் போனேன். படியிறங்கும்போது அவள் ஒன்று சொன்னாள். தையல் மெஷினுக்கு மோட்டார் போட அவர் இவளிடமே ஐநூறு வாங்கியிருக்கிறார். வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னால், "வாடகை வேற, கைமாத்து வேற" என்கிறாராம்.

கடையில் தையற்காரர் துணி வெட்டிக்கொண்டிருந்தார். மனைவி பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒரே கேள்வி. யாருக்காவது கைமாத்து தரணுமா?"

கத்தரி நின்றது. மனைவி நிமிர்ந்தாள். "கைமாத்தா? யாருகிட்ட?"

"யாருகிட்டன்னு கேள்வி இல்ல அண்ணி. உண்டா இல்லையா, அவ்வளவுதான்."

"எனக்கு அந்தக் கேள்வி இருக்கே! என் தம்பி அவசரத்துக்குப் பணம் கேட்டப்ப கையில காசில்லேன்னாரு. அப்புறம் மோட்டார் மட்டும் எப்படி வந்துச்சாம்?"

"யாருக்கும் ஒரு சல்லிக்காசு தர வேண்டியதில்ல" என்றார் தையற்காரர். "எழுதிக்க."

"அண்ணே, பட்டியலை நினைச்சுச் சொல்லுங்க..."

"இல்லேன்னா இல்ல! இது என்ன போலீஸ் விசாரணையா?"

'உண்டு' என்று தொட்டுவிடச் சொல்லி நான் கண்ஜாடை காட்டினேன். "சொன்னதைத்தான் சார் தொடணும்" என்று 'இல்லை'யைத் தொட்டாள். தையற்காரர் 'இல்ல' என்று போட்ட சத்தம் மளிகைக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். அதன் பிறகு எந்த வாசலிலும் 'இல்லை'யைத் தவிர வேறு பதில் இல்லை. காசு வாங்கி எழுதினாள் என்ற பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

மாசக் கடைசியில் அடுப்பு, பாய், வாளி எல்லாம் இறங்கின. தையற்காரர் சுண்ணாம்பு அடிக்கப் பிடித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைக் கொடுத்தார். அக்கா எண்ணிப் பார்த்தாள்.

"அந்த ஐநூறு?"

"எந்த ஐநூறு? கைமாத்து இல்லேன்னு எழுதினது உன் தங்கச்சிதானே? அவ எழுத்தை அவளே நம்ப மாட்டாளா?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "எந்த ஐநூறுங்க?"

தையற்காரர் சட்டென்று மெஷினில் உட்கார்ந்து மோட்டாரை ஓடவிட்டார். நல்ல மோட்டார். அந்தச் சத்தத்தில் யார் கேட்பதும் யாருக்கும் கேட்கவில்லை. அக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கடை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.