எலி கடித்த வயர்

மலேசியாவின் சுங்கை பெசார் டயாலிசிஸ் நிலையத்தில் ஒரு மெக்கானிக் அண்ணனின் மனைவியும் என் அம்மாவும் உள்ளே படுத்திருக்க, அவரும் நானும் வெளியே காத்திருப்போம். களைப்பில் பேச்சே இருக்காது. அவர் சுத்தமான கையையே துணியால் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் என் கார் எஞ்சின் உதறியது. பெட்ரோலைப் பற்றவைக்கும் இக்னிஷன் காயில்களில் இரண்டை இடம் மாற்றிப் பார்த்தார். கோளாறு காயிலோடு இடம் மாறாமல் பழைய இடத்திலேயே இருந்தது.

"காயில் நல்லாத்தான்லா இருக்கு. அதுக்கு வர்ற வயர எலி கடிச்சிருக்கு," என்று டேப் சுற்றினார். "அடுத்த தடவ புது வயர் வாங்கிட்டு வாம்மா."

வாங்கிப் போனேன். மாற்றித் தந்தார்.

"அண்ணி உள்ளயாண்ணே?"

"தவறிட்டாம்மா. நேத்துதான் எடுத்தோம். ஒன்ன வரச் சொல்லியிருந்தேன்ல, அதான் வந்தேன்."

எஞ்சின் சீராக ஓடியது. அவரோ வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து கையைத் துடைக்க ஆரம்பித்தார். அவரை வீட்டுக்குப் போகச் சொல்லாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.