துளிரைப் பார்த்து போன் போட்டேன்

பெரியபாளையம் பக்கத்து நர்சரி ஒன்றில், எந்நேரமும் தண்ணீர் பனியாகத் தூவும் மிஸ்ட் சேம்பர் என் பொறுப்பில் இருந்தது. புயலுக்கு மறுநாள் பழவேற்காட்டு ஜவுளிக்கடை காதர் பாய், வண்டியில் ஈரச்சாக்கு கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே கொய்யாக் கிளைகள்.

“வேரோட சாஞ்சிடுச்சும்மா. எங்க ஊட்ல ஆசையா வெச்ச மரம். நேத்துலேந்து அவங்க வாயே தொறக்கல. எப்டியாச்சும் பொழைக்க வெச்சுக் குடு.”

‘ஊட்ல’ என்றது மனைவி பானுவை.

மரம் நின்றிருந்தால் கிளையை வெட்டாமலே வேர்விட வைத்துப் பதியம் போட்டிருப்பேன். இப்போது குச்சி நடுவதுதான் ஒரே வழி, கொய்யாக் குச்சியோ லேசில் வேர் விடாது. கிளைகளை நறுக்கியதில் தேறிய குச்சிகள் முப்பது. வேரைத் தூண்டும் ஐபிஏ ஹார்மோன் பவுடர் தண்ணீரில் கரையாது. ஸ்பிரிட்டில் கரைத்துத் தண்ணீர் சேர்த்தேன். ஐந்து எண்ணும்வரை அடியை முக்கி, தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய கவர்களில் நட்டேன்.

பன்னிரண்டாம் நாள் எல்லாவற்றிலும் துளிர். எனக்குத் தலைகால் புரியவில்லை. “வேர் புடிச்சிடுச்சு பாய்!” என்று போன் போட்டேன். மறுநாள் இருவரும் கேரியர் நிறைய பிரியாணியோடு வந்து நின்றார்கள். அவர்கள் பார்க்க ஒரு குச்சியை மெல்ல இழுத்தேன். வாழைப்பழத்தில் செருகிய ஊதுவத்தி போல உருவிக்கொண்டு வந்தது. அடியில் ஒற்றை வேர்கூட இல்லை.

குச்சிக்குள் மிச்சமிருக்கும் சத்திலேயே துளிர் வந்துவிடும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லும் நானே ஏமாந்தேன். வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

“இன்னாத்துக்கு அழுவுற? பிரியாணிய மட்டும் திருப்பிக் குடுத்துடாத” என்றார் பக்கத்தில் நின்ற எங்கள் நர்சரி ஓனர்.

பானு அக்கா சிரித்துவிட்டார். “இன்னும் இருவத்தொம்போது கீதுல்ல? தட்டு எடும்மா, சாப்புடலாம்.” அவர் சிரித்ததைப் பாய் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் குச்சியை நான் தொடவே இல்லை. கவரின் அடி ஓட்டையைத்தான் தினமும் குனிந்து பார்த்தேன். இரண்டாவது மாதத்தில் ஒரு காலை, ஓட்டை வழியே வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது. நான் போட்ட சத்தத்தில் ஓனர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். ஒன்பது தேறின. கொய்யாவில் அதுவே பெரிய விஷயம்.

கன்றுகளை வாங்க வந்த பானு அக்கா இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதியை நர்சரியில் இருந்த எங்கள் ஏழு பேரிடம் நீட்டினார்.

“ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்குங்க. எங்களுது மறுபடி சாஞ்சா, குச்சி கேட்டுக்கினு உங்க ஊட்டுக்குத்தான் வருவேன்.”

குச்சி எடுக்கும் தாய்மரத்தை ஒரே இடத்தில் மட்டும் நம்பி வைத்திருக்கக்கூடாது என்று நர்சரிக்காரர்களான எங்களுக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. அதன்பிறகு நல்ல மரம் எது கிடைத்தாலும், அதன் முதல் கன்றை நான் விற்றதில்லை. வேறு ஊரில் யாராவது ஒருவர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன்.