ஃபாரஸ்ட் கேட்டில் நிமிர்ந்த குச்சி

சனிக்கிழமை காலை 9.50. லண்டனுக்கு வெளியே ஸ்டான்ஸ்டெட் விமான நிலைய வாசலில் நாங்கள் ஐந்து பேரும் ஆள் உயரப் பெட்டி ஒன்றும் நின்றோம். நால்வர் சுவீடனின் கோதன்பர்க் நகரத்து ஜாஸ் குழுவினர்; ஒருவருக்கும் இருபத்தைந்து வயது தாண்டவில்லை. ஐந்தாவது ஆள் நான், அதே ஊரில் வேலை பார்க்கும் திருச்சிக்காரி. டபுள் பேஸ் வாசிக்கும் எல்சா எனக்கு மாடி வீட்டுக்காரி. சத்தம் தாங்காமல் சண்டை போடப் படியேறிப் போன நான், அவர்களுடைய பயண ஏற்பாடுகளைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நூலகத்தின் அடித்தளத்தில் பதினொரு பேர் முன்னால் வாசித்தார்கள். அதில் பாதிப் பேர் பெற்றோர். இன்று மூன்று மணிக்கு லண்டனில் அரை மணி நேரம். கேட்கப்போகிறவர் ரூத் என்ற பெண்மணி. இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தின் நான்கு ஊர்களில் கச்சேரிகள் நடத்துகிறவர். அவருக்குப் பிடித்தால் நான்கு ஊர். பிடிக்காவிட்டால் பழைய நூலகம்தான்.

எங்களை அழைத்துப் போக நான் ஏற்பாடு செய்திருந்த வேனைக் கொண்டுவந்த சிறி அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட் பகுதியில் சலவைக் கடை வைத்திருக்கிறார். பெட்டியைத் தூக்கியதுமே கேட்டார்.

"தங்கச்சி, உதுக்குள்ள என்ன, சவமோ?"

"பேஸ் அண்ணே, பெரிய வயலின் மாதிரி. விமானத்துல ஏத்தறதுக்காகக் கழுத்தைத் தனியாக் கழட்டியிருக்கு."

"கழுத்தைக் கழட்டினாச் சவம்தானே!"

முப்பது மைல். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

11.30. சிறி அண்ணன் கடைக்குப் பக்கத்துத் தெருவில், ரூத் வரச் சொன்ன மண்டபத்தில் எல்சா பேஸைப் பூட்டத் தொடங்கினாள். சாய்த்தபோது உள்ளே ஏதோ உருண்டது. அவள் முகம் வெளுத்தது. பேஸின் வயிற்றுக்குள் முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே விரல் பருமனில் ஒரு குச்சி நிற்கும். ஒட்டுவதில்லை, தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்துக்கொள்கிறது. கழுத்தைக் கழற்றத் தந்திகளைத் தளர்த்தினால் அது விழுந்துவிடும். நிமிர்த்துவதற்கென்றே ஒரு வளைந்த கம்பி உண்டு. அந்தக் கம்பியைக் கோதன்பர்க்கில் ஆணியிலேயே மாட்டி வைத்துவிட்டு வந்திருந்தாள். குச்சி இல்லாமல் தந்தியை முறுக்கினால் பலகை வெடித்துவிடலாம்.

பியானோக்காரன் நில்ஸ், "உன் பகுதியை நான் இடது கையால் வாசித்துவிடுகிறேன்" என்றான். எனக்கும் அதுதான் புத்திசாலித்தனமாகப் பட்டது. சொல்லியும் விட்டேன்.

"நாலு பேராக வந்தோம். நாலு பேராகத்தான் வாசிப்போம்" என்றாள் எல்சா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சிறி அண்ணனுக்கு விஷயத்தை விளக்கினேன். "வளைஞ்ச கம்பிதானே? என்ர கடை முழுக்க ஹேங்கர்தான். பொறுங்கோ, வாறன்" என்று ஓடினார். இரண்டு கம்பி ஹேங்கர்களை முறுக்கி, நுனியைத் தட்டையாக்கிக் கொண்டுவந்தார்.

12.20 முதல் எல்சா தரையில் படுத்துக் கிடந்தாள். பேஸின் முன்பலகையில் இருக்கும் துளை வழியே கம்பியை விட்டு, நான் பிடித்த செல்போன் வெளிச்சத்தில் குச்சியை நிமிர்த்தினாள். விழுந்தது. மறுபடி நிமிர்த்தினாள். ஒன்பது தடவை வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். என் கை மரத்துப்போனது. ஒருமுறை அவள் கண் கலங்கியது, கையை எடுக்கவில்லை.

"பிள்ளைக்குச் சாப்பாடும் வேண்டாமோ?" என்றார் சிறி அண்ணன்.

"இப்ப கேட்டா கம்பியால குத்திடுவா அண்ணே."

"ஓம், அதுவும் சரிதான்."

2.35க்குக் குச்சி நின்றது. யாரும் கைதட்டவில்லை, மூச்சு விடவே பயமாக இருந்தது. தந்திகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள்.

ரூத் சரியாக மூன்று மணிக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். குச்சி பழைய இடத்திலிருந்து மயிரிழை தள்ளி நின்றிருக்க வேண்டும்; அடித்தந்தி உறுமியது. பேஸ் தனியாகத் தொடங்கும் பாட்டைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னான் நில்ஸ். எல்சா அதையே முதலில் எடுத்தாள். உறுமலை மறைக்கவில்லை. அந்த ஒரே தந்தியில் நின்று, மற்ற மூவரும் தன்னிடம் வந்து சேரும்வரை திரும்பத் திரும்ப அடித்தாள். மாடியிலிருந்து எத்தனையோ நாள் கேட்டு எரிச்சல்பட்ட பாட்டு. அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

முடிந்ததும் ரூத் நேரே எல்சாவிடம் வந்தார். "நான்கு ஊரும் உங்களுக்குத்தான். வருவீர்களா?"

"வருவோம். ஆனால் விமானத்தில் இல்லை. தந்தியைத் தளர்த்தாமல், வேனில்" என்றாள் எல்சா.

கோதன்பர்க்கிலிருந்து லண்டனுக்குச் சாலை வழியே ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். நால்வரில் ஒருவரிடமும் ஓட்டுநர் உரிமம் கிடையாது; என்னிடம் உண்டு. நால்வரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

வேலையில் எத்தனை நாள் லீவு மிச்சமிருக்கிறது என்று நான் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தேன்.